வடசென்னைக் கருங்கல் கரையில் கடற்பாசி பார்க்கத் தொடங்குவோருக்கு

காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் இடையே இயற்கையான பாறைக்கரை கிடையாது. முழுக்க மணலாக இருந்த கரை இது. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். அதுவரை தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தென்புறத்திலேயே தங்கிவிட்டது. மெரினா அகலமானது, ராயபுரம் தொடங்கி வடக்கே கரை அரித்துக்கொண்டே போனது. வீடுகளையும் சாலையையும் காப்பாற்ற லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார்கள். பிறகு தூண்டில் வளைவுகள், அதாவது கடலுக்குள் நீளும் கல் சுவர்கள், வந்தன. எண்ணூர் விரைவுச்சாலையில் வடக்கே பஸ்ஸில் போகும்போது வலப்புறம் தெரிவது அந்தக் கல் வரிசைதான்.

அரிப்பைத் தடுக்கப் போட்ட அந்தக் கல்லில் இன்று பாசி, கல்லோடு ஒட்டி வாழும் கூம்பு ஓட்டு உயிரியான கொட்டலசு, நத்தை, நண்டு என ஒரு பாறைக்கரைக் குடியிருப்பே உருவாகியிருக்கிறது. கோவளம், மாமல்லபுரம் பாறைகளுக்குப் போய்த்தான் கடற்பாசி பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் திருவொற்றியூரிலேயே தொடங்கலாம். சொல்லப்போனால் கற்றுக்கொள்வதற்கு இந்தக் கரைதான் நல்லது என்பேன். ஒரே தூண்டில் வளைவின் முனையில் அலை நேராக மோதும். இருபது அடி நடந்து உட்பக்கம் வந்தால் தண்ணீர் அடங்கி இருக்கும். கல் ஒன்று, வெயில் ஒன்று, கடல்நீர் ஒன்று. அலை மட்டும் வேறு. அந்த ஒரு வித்தியாசத்தால் பாசி எப்படி மாறுகிறது என்பதை ஒரே பகலில் கண்ணால் பார்த்துவிடலாம். அதனால் பாசியின் பெயர்களைப் பிறகு படிக்கலாம், முதலில் அலையைப் படிக்கப் பழகுங்கள்.

நாள் குறிப்பது

சென்னையில் ஒரு நாளுக்கு இரண்டு முறை கடல்மட்டம் ஏறும், இரண்டு முறை வற்றும். இதுதான் ஓதம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் நடுவே சுமார் ஆறேகால் மணி நேரம். ஆனால் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்திலேயே ஏறத்தாழ 1 மீட்டர்தான். அட்டமியை ஒட்டிய நாட்களில் அரை மீட்டர்கூட இருக்காது. குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் இது 10 மீட்டர் வரை போகும். அங்கே பாசிக்கு ஈரம் தருவது ஓதம். நம் கரையில் அந்த வேலையில் பெரும்பங்கை அலையும் அதன் சாரலும் செய்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் தானாகவே விளங்கும்.

வீட்டுத் தினசரி காலண்டரில் அமாவாசையும் பௌர்ணமியும் பாருங்கள். அதை ஒட்டிய நாட்களில் சென்னையின் பகல் வற்றம் பெரும்பாலும் நண்பகல் தாண்டித்தான் வரும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். மிக ஆழமாக வற்றுவது அமாவாசைக்கு ஓரிரு நாள் கழித்து. ஆனால் அதற்கு முந்தைய ஓரிரு நாட்களில் வற்றம் சற்றுச் சீக்கிரமே வரும் என்பதால் கடற்காற்று பலமாக எழுவதற்குள் பார்த்து முடிக்கலாம். புதியவர்களுக்கு அந்த நாட்களே போதும். சரியான நேரத்தைச் சென்னைக்கான ஓத அட்டவணையில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. உயரமான அலை பற்றிய எச்சரிக்கை இருந்தால் அன்று போக வேண்டாம்.

மாதம் என்று கேட்டால் பிப்ரவரியும் மார்ச்சும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கடல் அடங்கி, கலங்கல் தெளிந்து பாசி செழித்திருக்கும் காலம் அது. இன்னொரு காரணமும் உண்டு. ஓதத்தைத் தாண்டி, ஆண்டுக்குள்ளேயே கடலின் சராசரி மட்டம் ஏறி இறங்குகிறது. சென்னையில் அது மார்ச், ஏப்ரல் வாக்கில் தாழ்ந்தும் அக்டோபர், நவம்பர் வாக்கில் உயர்ந்தும் இருக்கும். மழைக்காலத்தில் கண்ணிலேயே படாத கீழ்வரிசைக் கற்கள் மார்ச் வற்றத்தில் வெளியே தெரியும். ஏப்ரல் கடைசியில் வெயில் ஏறிவிட்டால் மேல்வரிசைப் பாசி வெளுத்துக் கருகத் தொடங்கிவிடும்.

இடமும் ஆட்களும்

மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் கடற்கரை ஷேர் ஆட்டோ தூரம்தான். புறநகர் ரயிலில் வருவோருக்குத் திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் நிலையங்கள் இருக்கின்றன. திருச்சினாங்குப்பம், ஒண்டிக்குப்பம், எர்ணாவூர், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று குப்பங்கள் வரிசையாக இருக்கும் கரை இது. காசிமேடு மீன்பிடித் துறைமுகச் சுவர்களில் ஏற வேண்டாம். படகும் கயிறும் ஆளுமாக எப்போதும் வேலை நடக்கும் இடம் அது, நம் நோட்டுப் புத்தகத்துக்கு அங்கே இடமில்லை.

தூண்டில் வளைவு பொதுச்சொத்துதான், ஆனால் அதன் ஓரத்தில்தான் ஃபைபர் படகு ஏறும், வலை காயும். வலையை மிதிக்காதீர்கள், தாண்டிக் குதிக்காதீர்கள், சுற்றிப் போங்கள். முதலில் அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடமோ வலை பிரித்துக்கொண்டிருக்கும் அக்காவிடமோ வந்த காரியத்தைச் சொல்லுங்கள். “அண்ணா, இந்தக் கல்லுல இருக்கற பாசி பாக்க வந்திருக்கேன், இன்னிக்குக் கடல் எப்படி இருக்கு?” என்று கேட்டால் போதும். “மதியத்துக்கு மேல காத்து எடுத்துக்கும் தம்பி, அதுக்குள்ள பாத்துட்டு மேல ஏறிடு” என்கிற மாதிரி ஒரு பதில் வரும். அந்தப் பதில் எந்தச் செயலியையும்விட மேல். ‘போகாதே’ என்று அவர்கள் சொன்னால் போகக்கூடாது.

கல் மேல் கால் வைக்கும் முன்

தனியாகப் போகாதீர்கள். ஹவாய் செருப்பு ஆகாது. அடிப்பகுதி தேயாத கேன்வாஸ் ஷூ வேண்டும். முழங்கால் மறையும் பேன்ட், தண்ணீர், தொப்பி, பழைய துணிக் கையுறை. அவ்வளவுதான்.

பச்சையாகத் தெரியும் கல்லில் கால் வைக்காதீர்கள். இந்தக் கரையில் வழுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் மெல்லிய பச்சைப் படலத்தில்தான் விழுகிறார்கள். காய்ந்த வெறும் கல்லும் கொட்டலசு மூடிய கல்லும் பிடிப்புத் தரும். ஆனால் கொட்டலசின் விளிம்பு தோலைக் கிழிக்கும். கீறல் பட்டால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கற்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் உடைந்த பாட்டிலும் தூண்டில் முள்ளும் கிடக்கும், கையை விடாதீர்கள். கடலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். இறங்குவதற்கு முன் மேலே நின்று கால் மணி நேரம் கடலைப் பாருங்கள். அலைகள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. சிறியவை பல வந்த பின் பெரியவை சில சேர்ந்தாற்போல வரும். அந்தப் பெரிய அலை எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, அதற்கும் மேலே உங்கள் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள்.

அலையை எண்ணுவது

அந்தக் கால் மணி நேரத்தை வீணாக்க வேண்டாம். முனையில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். அதில் மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களை மனதில் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்து வரும் 20 அலைகளில் எத்தனை அலை ஒவ்வொரு இடத்தையும் நனைக்கிறது என்று எழுதுங்கள். பிறகு உட்பக்கம் வந்து, தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய அதே உயரத்தில் உள்ள கல்லில் அதையே செய்யுங்கள். முனையில் பாதி அலைகள் நனைக்கும் உயரம், உட்பக்கம் ஒரு துளிகூடப் படாமல் காய்ந்து கிடக்கும். பாசி வரிசை ஏன் முனையில் மேலே ஏறியும் உட்பக்கம் கீழே இறங்கியும் இருக்கிறது என்பதற்கான விடை இந்த எண்களில் இருக்கிறது.

அலை மோதும் இடத்தில் பாசி எப்படிப் பிழைக்கிறது என்பதைவிட, ஏன் அங்கே கூடுதலாகச் செழிக்கிறது என்று கேட்பது நல்ல கேள்வி. ஈரம் முதல் காரணம். இரண்டாவது, பாசிக்கு வேர் கிடையாது. கல்லைப் பிடிக்க ஒரு பற்றுறுப்பு மட்டும் உண்டு. உணவுச்சத்தையும் கரியமில வாயுவையும் உடல் முழுவதாலும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அசையாத தண்ணீரில் உடலை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் இருக்கும் சத்து சீக்கிரம் தீர்ந்துவிடும். அலை அந்தப் படலத்தைக் கலைத்துப் புதுத் தண்ணீரைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். மூன்றாவது, மேயும் நத்தைக்கும் மீனுக்கும் அங்கே நிதானமாக மேய முடியாது.

இதற்கு விலையும் உண்டு. விறைப்பாகவும் உயரமாகவும் வளர்ந்தால் அலை பிடுங்கிவிடும். ஆகவே வளைந்து கொடுப்பது, குட்டையாக இருப்பது, நெருக்கமாகக் கொத்தாக வளர்வது என்று ஏதாவது ஒரு வழியை அவை கைக்கொள்கின்றன. குளிர்ந்த கடல்களின் பாறைக்கரைகளில் கெல்ப் என்னும் பெரிய பழுப்புப் பாசிகள் பல மீட்டர் நீளத்துக்கு வளரும். நம் வெதுவெதுப்பான கடலில் அவை இல்லை. இங்கே பார்ப்பவற்றில் பெரும்பாலானவை விரல் நீளமோ சாண் நீளமோதான். எனவே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மணலையும் கணக்கில் சேருங்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கே நகர்வதால், தூண்டில் வளைவின் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் அரிக்கும். வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் திரும்பும். தென்பக்கத்தின் கீழ்வரிசைக் கற்கள் சில மாதம் மணலில் புதைந்து, சில மாதம் வெளியே வரும். அலையோடு வரும் மணல் கல்லைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அங்கே பாசி குறைவாக இருந்தால் அலையையோ சாக்கடையையோ உடனே குறை சொல்லிவிடாதீர்கள்.

மேலிருந்து கீழே

முனைக் கல்லை மேலிருந்து கீழ்நோக்கிப் படியுங்கள்.

உச்சியில், சாரல் மட்டும் படும் இடத்தில் கருப்புக் கறை தெரியும். அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. சந்துகளில் மிளகளவு நத்தைகள் ஒட்டியிருக்கும். எண்ணூரில் ஓர் எச்சரிக்கை: 2017 ஜனவரி 28 அன்று இங்கே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் பரவியது. எனவே கல்லில் காணும் கருப்பெல்லாம் உயிரல்ல. கையுறையால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென ஒட்டி நாற்றம் அடித்தால் அது தார். நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் கல்லோடு கல்லாகிவிடும் மெல்லிய படலம் என்றால் அது பாசி.

அதற்குக் கீழே உல்வா. இது இரண்டு உருவில் இருக்கும். ஒன்று மெல்லிய பச்சை நாடா, வெறும் இரண்டு செல் தடிமன்தான். மற்றொன்று உள்ளே கூடான மெல்லிய குழாய். குழாய் வகைக்கு நெடுங்காலம் என்டெரோமார்ஃபா என்று தனிப்பெயர் இருந்தது. 2003-இல் வெளிவந்த மரபணு ஆய்வு இரண்டும் ஒரே பேரினம் என்று காட்டியபின் அந்தப் பெயரும் உல்வாவுக்குள் அடங்கிவிட்டது. பழைய புத்தகங்களில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். புதிதாகக் கொட்டிய கல்லில் முதலில் கண்ணுக்குத் தெரியும் பச்சை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கழிவுநீர் கலக்கும் இடத்தில் நைட்ரஜன் மிகுந்திருப்பதால் உல்வா கொழிக்கும். ஒரு கரை முழுக்கப் பளீரென்று பச்சையாக, உல்வா மட்டுமே இருந்தால் அதை அழகு என்று ரசித்துவிட்டு நகராமல், பக்கத்தில் எந்த வாய்க்கால் கடலில் சேருகிறது என்று பாருங்கள்.

அலை நேராக அறையும் நடுப்பகுதியின் சொந்தக்காரர் கீட்டோமார்ஃபா ஆன்டெனினா. பெயர் நீளம், அடையாளம் எளிது: கரும்பச்சையில், பெயின்ட் பிரஷ்ஷின் தலையை மட்டும் வெட்டிக் கல்லில் நட்டுவைத்தது போல விறைப்பான முடிக்கொத்து. ஒவ்வோர் இழையும் கிளைவிடாத ஒற்றைச் செல் வரிசை. செல்கள் பெரியவை, ஓர் இழையை வெளிச்சத்தில் பிடித்துச் சாதாரண லென்ஸில் பார்த்தாலே கணுக்கணுவாகத் தெரியும். அடிச்செல் மட்டும் மற்றவற்றைவிட மிக நீளம். கொத்தாக இருப்பதால் இழைகளுக்கு நடுவே தண்ணீர் தங்கும், அடுத்த பெரிய அலை வரும்வரை அது தாங்கும். இந்தப் பாசி இருக்கும் இடத்தில் அலை வலுவாக இருக்கிறது என்று துணிந்து எழுதலாம். உட்பக்கம் போகப் போக இது குறைந்து மறையும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் நாள் பாடம்.

இதே உயரத்தில் கொட்டலசும் நெருக்கி அமர்ந்திருக்கும். சுண்ணாம்பு நிறக் கூம்பு ஓடுதான் கொட்டலசு. சிப்பி வகை என்று பலர் நினைத்தாலும் அது இறால், நண்டின் உறவுக்காரர். பாசியும் கொட்டலசும் ஒரே கல்லின் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. ஸ்காட்லாந்துக் கரையில் இரண்டு வகைக் கொட்டலசுகளை வைத்து ஜோசப் கானல் 1961-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பாடமாக இருக்கிறது. மேல்வகை உயிரியைக் கீழே வாழவிடாமல் தடுத்தது தண்ணீரல்ல, அங்கே வேகமாக வளர்ந்து அதை நெருக்கித் தள்ளிய கீழ்வகை உயிரி. கீழ்வகை மேலே ஏற முடியாமல் போனதற்குக் காரணம் வெயிலும் உலர்தலும். எனவே ஒரு பாசி வரிசையின் மேல்விளிம்பைப் பார்க்கும்போது ‘எது வறட்டுகிறது?’ என்றும், கீழ்விளிம்பைப் பார்க்கும்போது ‘யார் நெருக்குகிறார்கள், யார் மேய்கிறார்கள்?’ என்றும் கேட்டுப் பழகுங்கள். எல்லாக் கரைக்கும் இது அப்படியே பொருந்தாது, ஆனால் கேள்வி உதவும்.

கடைசியாக, வற்றத்தில் மட்டும் வெளிவரும் கீழ்ப்பகுதி. இங்கே சிவப்புப் பாசிகள் வரலாம்: கிரேட்டிலூப்பியா, கிரசிலேரியா, ஹிப்னியா. சிவப்பு என்று பெயரே தவிர, வெயில் பட்டால் பழுப்பாகவும் மஞ்சளாகவும் பச்சையாகவும்கூடத் தெரியும். நிழலில் இருக்கும் அடிப்பகுதியைப் புரட்டிப் பாருங்கள், உண்மை நிறம் அங்கே இருக்கும். கையில் வழவழவென்று பட்டையாக இருந்தால் கிரேட்டிலூப்பியாவாக இருக்கலாம். உருண்டைத் தண்டாகக் கிளைத்து, வளைத்தால் பட்டென ஒடிந்தால் கிரசிலேரியா பக்கம் தேடுங்கள். சிறு முட்கிளைகள் நிறைந்து சிக்கலாகக் கிடந்தால் ஹிப்னியா. பேரினம் வரை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. சிற்றினம் சொல்ல, மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

தெற்கே மன்னார் வளைகுடாவில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப்பாசி என்று பாசி எடுக்கும் பெண்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அவை முறையே கிரசிலேரியா எடுலிஸ், ஜெலிடியெல்லா, சர்காசம், டர்பினேரியா. அந்த ஊர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு இங்கே வந்து தேடாதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே பவளத்திட்டும் தீவும் அலையை அடக்குகின்றன. இது மணலும் கலங்கலும் நேரடி அலையும் உள்ள கரை. வகை குறைவு, ஆனால் அடுக்கு தெளிவு.

எழுதி வைப்பது

கட்டுக்கம்பியை 25 செ.மீ. பக்கமுள்ள சதுரமாக வளையுங்கள். குறுக்கே ஐந்து நூல், நெடுக்கே ஐந்து நூல் கட்டினால் 25 சந்திப்புகள் கிடைக்கும். சட்டத்தைக் கல்லில் வைத்து, ஒவ்வொரு சந்திப்பின் அடியிலும் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: உல்வா, கீட்டோமார்ஃபா, கொட்டலசு, வெறும் கல், மணல். ஒரு சந்திப்புக்கு 4 சதவீதம். முனையில் மூன்று உயரம், உட்பக்கம் மூன்று உயரம் என்று ஆறு இடம் போதும். அலை அதிகமாக இருந்தால் கீழ் உயரத்தை விட்டுவிடுங்கள், ‘பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள், யூகித்து நிரப்பாதீர்கள். சட்டத்தை நேர் மேலிருந்து படமும் எடுங்கள். கல்லில் பெயின்ட் அடித்து அடையாளம் வைக்க வேண்டாம். விளக்குக் கம்பம், படிக்கட்டு, கல்லின் வெடிப்பு ஆகியவற்றை வைத்துக் குறித்துக்கொண்டால் அடுத்த முறை அதே கல்லைக் கண்டுபிடிக்கலாம்.

இப்படிச் சில மாதம் சேர்ந்தபின் தலைகீழாகவும் வேலை செய்யலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த பாலன்டைன் 1961-இல் வேல்ஸ் கரைக்கு ஓர் அளவுகோல் செய்தார்: அலையை அளக்காமல், பாறையில் எந்த உயிரி எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்தே அந்தக் கரை அலைக்கு எவ்வளவு திறந்தது என்று எட்டுப் படிகளாகப் பிரித்தார். அவருடைய உயிரிகள் நமக்குப் பொருந்தாது. ஆனால் கீட்டோமார்ஃபாவையும் கொட்டலசையும் வைத்துத் திருவொற்றியூர்த் தூண்டில் வளைவுகளுக்கு அப்படியொரு படிவரிசையை ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து செய்துவிட முடியும் என்று நம்புகிறேன். இந்தியப் பாசியியல் வேரூன்றிய ஊர்களில் சென்னையும் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம்.ஓ.பி. ஐயங்கார் 1927-இல் மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் கடற்பாசிகளைப் பட்டியலிட்டார். அவர் பணியாற்றிய சென்னையின் வடகரையை நாம் பார்க்காமல் விடலாமா?

மாதிரி வேண்டும் என்றால் கரை ஒதுங்கியதையே எடுங்கள். கல்லில் இருப்பதுதான் வேண்டுமென்றால் நுனியை மட்டும் கிள்ளுங்கள், பற்றுறுப்பை விட்டுவிடுங்கள், அது மீண்டும் தளிர்க்கும். வீட்டில் ஒரு தட்டில் கடல்நீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் கனமான தாளை நுழைத்து, தூரிகையால் கிளைகளை விரித்து மெதுவாகத் தூக்குங்கள். மேலே பழைய வேட்டித் துணி, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் கனம். செய்தித்தாளைத் தினமும் மாற்றுங்கள். உல்வாவும் பெரும்பாலான சிவப்புப் பாசிகளும் தாமே தாளில் ஒட்டிக்கொள்ளும். கீட்டோமார்ஃபாவுக்குக் கொஞ்சம் பசை வேண்டியிருக்கும். தேதி, இடம், உயரம், முனையா உட்பக்கமா என்பது தாளிலேயே இருக்க வேண்டும். இவை இல்லாத மாதிரியால் பயனில்லை.

சமைத்துப் பார்க்கலாமா என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கேட்பார். இந்தக் கரையின் பாசியைச் சாப்பிடாதீர்கள். பாசி தண்ணீரில் உள்ள உலோகங்களையும் உடலில் சேர்த்துக்கொள்ளும். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக்கழிவும் எண்ணெயும் சேர்ந்த எண்ணூர்க் கடல் அதற்குத் தகுந்த இடமல்ல.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய கல்லில் இறங்க வேண்டாம். அந்த மாதங்களில் சாலையோரம் நின்று, குறித்து வைத்த கல்லைத் தூரத்திலிருந்து படம் எடுத்தால் போதும். பொங்கல் முடிந்து கடல் அடங்கியதும் முதல் வற்றத்துக்குப் போங்கள். புயல் அலை சில கற்களைப் புரட்டிப் போட்டிருக்கும், சிலவற்றைத் தேய்த்து வெறுமையாக்கியிருக்கும். அந்த வெறும் கல்லில் சட்டத்தை வைத்து 25 சந்திப்பையும் எழுதிவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் திரும்ப எழுதுங்கள். உல்வா எந்த வாரம் வந்தது, முனையில் கீட்டோமார்ஃபா அதை எப்போது தள்ளியது, உட்பக்கம் தள்ளியதா இல்லையா என்ற மூன்று தேதிகளையும் ஏப்ரலுக்குள் பிடித்துவிடப் பாருங்கள்.